முழு செட்

நாற்காலிக்குக் கீழே ஒரு மரப்பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. வேலை பார்த்த காலம் முழுக்க, தரையில் கால் எட்டாத குள்ள ஆபரேட்டரான அவள் இப்படியொரு பெட்டியின்மேல்தான் கால் வைத்து உட்கார்வாள். தம்பியைத் தவிர அது யாருக்குத் தெரியும்?

பழைய மெயின்ஃப்ரேம், மினிகம்ப்யூட்டர் என்று அந்தக் காலத்துப் பெரிய கணினிகளைத் தேடிப்பிடித்து விற்றுக்கொடுக்கும் தரகன் அவன். வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தான். பீரோ உயரத்துக்கு ஒரு மினிகம்ப்யூட்டராம். அந்த ரகத்தில் உலகத்தில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவையாம். வாங்கிய சேகரிப்பாளருக்கு ஓட்டத் தெரியவில்லையாம். அக்கா வந்து ஒருமுறை கிளப்பிவிட்டால் போதுமாம். அவள் ஓட்டிய இதே ரக இயந்திரத்தை அலுவலகம் பழைய இரும்புக்குப் போட்ட அன்றுதான் அவளையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று ஒரு வார்த்தை விசாரிக்காதவனுக்கு இன்று அக்கா வேண்டியிருக்கிறது. எரிச்சலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சன்னல் இல்லாத நிலவறை. குளிர்சாதனத்தின் இரைச்சலுக்கு அடியில், இருட்டில் வரிசையாக நின்ற மற்ற இயந்திரங்களின் பக்கமிருந்து, பழைய ரப்பரும் தூசியும் கலந்த வாசனையோடு வெகுநாள் குளிக்காத உடம்பின் புளித்த வாடையும் மெல்ல வந்து மூக்கில் ஏறியது.

முகப்புச் சுவிட்சுகளை எந்த வரிசையில் தள்ள வேண்டும் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. விரல்களுக்குத்தான் தெரியும். அவை ஓடி முடித்ததும் சின்ன விளக்குகள் சிவந்தன. நாடாச் சுருள் சுழன்றது.

எழப்போனவளின் தோளைப் பின்னால் நின்ற சேகரிப்பாளர் மெதுவாக அழுத்தினார்.

"உக்காருங்கம்மா. வெறும் மெஷின் இன்னும் சில பேர்கிட்ட இருக்கு. ஓட்டத் தெரிஞ்ச ஆளோட, முழு செட்டா வச்சிருக்கறது நான் ஒருத்தன்தான்."

கேலி என்று நினைத்தாள். தம்பி சிரிக்கவில்லை.

"டேய், கெளம்பு."

"நீ இங்கயே இரு அக்கா." தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வீட்லயும் தனியாத்தானே கெடக்கற. இங்க ஏசியாவது இருக்கு."

"என்னையும் சேத்தாடா வித்த?"

சின்ன வயதில் அவனுக்குச் சோறு ஊட்டிய கை, அவனை அறைய ஓங்கியது. அதற்குள் அவன் படியேறிவிட்டான். கதவு சாத்திக்கொண்டது. பூட்டு திரும்பியது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். தொண்டை கமறும்வரை திட்டினாள். சேகரிப்பாளர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு விளக்குகளைப் போட்டார், வரிசை வரிசையாக.

எல்லா இயந்திரத்தின் முன்னாலும் நாற்காலி. எல்லா நாற்காலியின் மேலும் வெள்ளைத் துணி. துணிக்கடியில் முழங்கால்கள். தோள்கள்.

"தூசி ஆகாதும்மா," என்றார், புதிய துணியொன்றை உதறியபடி.

பக்கத்து இயந்திரத்துக்கு மின்சாரமே இல்லை. விளக்குகள் செத்துக் கிடந்தன. அதன் முன்னிருந்த துணி, வாய் இருக்குமிடத்தில் குழிந்தது. உப்பியது. மறுபடி குழிந்தது.

பாய்ந்துபோய் அதைப் பிடித்து இழுத்தாள்.

ஒரு கிழவர். நகங்கள் சுருண்டு வளர்ந்திருந்தன. "எந்திரிங்க, ரெண்டு பேரும் சேந்து அந்தக் கதவ ஒடைப்போம்," என்று அவரைப் பிடித்து உலுக்கினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஒரு கை சுவிட்சுகளை விடாமல் தள்ளிக்கொண்டிருந்தது. இன்னொரு கை தரையில் துழாவியது. துணியைக் கண்டுபிடித்தது. தன் தலைமேல் தானே இழுத்துப் போர்த்திக்கொண்டது.