உச்சியில் கட்டாத மரம்

திங்கட்கிழமை துவைத்துப் போட்ட துணி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆகியும் காயவில்லை.

போர்கில்ட் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். சரியாகப் பிழியவில்லையோ என்று நினைத்தாள். ஆனால் வானத்தில் ஒரு மேகமில்லை. அக்டோபர் கடைசியில் சியாட்டிலில் இப்படி வெயில் அடிப்பதே அபூர்வம், பக்கத்து வீட்டு விரிப்புகள் மொடமொடவென்று காய்ந்து காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. அவள் கொல்லைக்கு வெயில் வருவதே மதியத்துக்கு மேல்தான். அந்தக் கொஞ்ச நேர வெயிலையும் ஒரு நிழல் மறைத்துக்கொண்டு, அவள் கொடியின் மேல் மட்டும் நீளமாக, ஈரமாகக் கிடந்தது. மலைச்சரிவுக்குக் கீழே துறைமுகத்துப் பக்கம் நிற்கும் கார்வின் கட்டடத்தின் நிழல் அது. போன வாரம் வரை சர்ச் சுவரோடு நின்றுவிடும். இப்போது தெருவைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஹால்வோரின் சட்டைகள் மேல் ஏறியிருந்தது.

ஹால்வோர் அவள் கணவன். அந்தக் கட்டடத்தின் இரும்புச் சட்டத்தை எழுப்பிய கூட்டத்தில் ஒருவன். கடைசி உத்தரமும் ஏறிவிட்டது, சட்டம் முடிந்தது என்று வெள்ளிக்கிழமையே அவன் சொல்லியிருந்தான். முடிந்த கட்டடம் வளராது. இது தெரிய யாரும் என்ஜினியருக்குப் படிக்க வேண்டியதில்லை.

ராத்திரி அவித்த மீனையும் உருளைக்கிழங்கையும் அவன் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"வேலைதான் முடிஞ்சுபோச்சே. பின்ன தினமும் எங்க போற?"

அவன் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தான். "வெளிய சொல்லிடாத. எதிர்த்தாப்ல ஒருத்தன் கட்டறான் பாரு, நம்ம உயரம் இவ்வளவுதான்னு தெரிஞ்சா அவன் மேல ரெண்டு மாடி போட்டுடுவானாம். அதனால நாங்க நாலு பேர் உச்சில உக்காந்து சும்மா தட்டிக்கிட்டே இருக்கணும்னு முதலாளி கார்வின் சொல்லியிருக்கான். கீழேருந்து பாக்கறவனுக்கு இன்னும் ஏறுதுன்னு தோணணும்."

"சும்மா தட்டறதுக்குச் சம்பளமா?"

"குளிர்காலம் பூரா. என்ன, வேணாம்னு சொல்லிடட்டுமா?"

அவளும் சிரித்துவிட்டாள். போன இரண்டு குளிர்காலமும் அவனுக்கு வேலையில்லை. உருளைக்கிழங்கு தின்றே நாட்களை ஓட்டினார்கள். "முடியாமலே இருந்தாக்கூட நல்லதுதான்" என்றாள். "அதையேதான் நானும் வேண்டிக்கிட்டேன்" என்றான் அவன்.

ஒரே ஒரு விஷயம்தான் அவனை உறுத்தியது. கடைசி உத்தரம் ஏறியதும் அதன் நுனியில் ஒரு ஊசியிலை மரத்தைக் கட்டுவது அவர்கள் வழக்கம். நார்வேயில் அவன் அப்பா கூரை முகட்டில் கட்டினார், இங்கே இவர்கள் இரும்பில் கட்டுகிறார்கள். மரம் கட்டினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இதை யாருக்குச் சொல்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை. மரத்தைப் பார்த்தால் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று கார்வின் கட்டவிடவில்லை. ஹால்வோர் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். நல்ல விறகு வீணாகிறதே என்று போர்கில்ட் அதை வெட்டி அடுப்பில் வைத்துவிட்டாள். பிசின் வாசனை அன்று முழுக்க வீட்டில் நின்றது.

மறுநாள் நிழல் கொல்லைச் சுவரில் ஏறியது. அதற்கு மறுநாள் சமையலறைச் சன்னல் வழியாக உள்ளே வந்து, மேசைமேல் இருந்த காப்பிக் கெண்டியைத் தொட்டது. அவள் கெண்டியைத் தள்ளி வைத்தாள். சாயங்காலத்துக்குள் அதையும் மறுபடி எட்டிப் பிடித்துவிட்டது. நிழல் விழுந்த இடத்தில் கை வைத்தால் சில்லென்று இருந்தது. வெறும் நிழலின் குளிர்ச்சி இல்லை, இரவெல்லாம் வெளியே கிடந்த இரும்பைத் தொட்டதுபோல விரல் ஒட்டியது.

ஹால்வோர் வீடு திரும்பும் நேரம் தள்ளிக்கொண்டே போனது. இறங்க நேரமாகிறது என்பான். ஊரில் மழைத் தூறல்தான், அவன் புருவத்தில் மட்டும் பனி உறைந்து வெள்ளையாக இருக்கும். கோட்டைக் கழற்றினால் துரு வாசனையும், கடல் வாசனையே இல்லாத ஏதோ ஒரு உயரத்துக் காற்றின் வெறுமையும் வீடு முழுக்கப் பரவும். தட்டில் வைத்தது அப்படியே இருக்கும். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டான். அவன் பக்கத்தில் வந்து படுத்தால் கட்டிலில் கனமே தெரியவில்லை. போர்கில்ட் இருட்டில் கையை நீட்டித் தடவிப் பார்த்துத்தான், ஆள் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டாள்.

"நாளைக்குப் போகாத. உருளைக்கிழங்கு தின்னே பொழச்சிக்கலாம்."

"வேலை பாக்கி இருக்கு."

"சும்மா தட்டறதுல என்ன பாக்கி?"

அவன் கூரையைக் காட்டினான். "சும்மா இல்ல இப்ப" என்றான்.

அடுத்த நாள் மூடுபனி வந்தது. துறைமுகத்திலிருந்து எழுந்து, மீன் மண்டிகளை விழுங்கி, மரம் அறுக்கும் ஆலைகளின் புகையையும் சேர்த்துக்கொண்டு மேட்டில் ஏறி, தெருமுனை விளக்குக் கம்பத்தைக்கூட விட்டுவைக்காமல் மூடியது. கப்பல்கள் ஒன்றையொன்று தேடி ஊதிக்கொண்டிருந்தன. அன்று ஹால்வோர் வரவில்லை. அவள் அடுப்பை அணையவிடாமல் உட்கார்ந்திருந்தாள், விடிந்த பிறகும் வரவில்லை. பனி வெளுக்கும்போது சம்மட்டிச் சத்தம் கேட்டது. துறைமுகப் பக்கத்திலிருந்து இல்லை. அவள் வீட்டுக் கூரைக்கு நேர் மேலே, மிக உயரத்திலிருந்து.

கதவைத் தட்டியது ஹால்வோரின் தம்பி அக்செல். அவனும் அந்த நால்வரில் ஒருவன். உலையில் பழுக்கக் காய்ந்த ரிவெட் ஆணியை ஒருவன் இடுக்கியால் எறிவான், அதைத் தகர வாளியில் பிடிப்பது அக்செலின் வேலை. பிடிக்கத் தவறினால் அது தெருவில் போகிறவன் தலையில் விழும். இதுவரை ஒன்றுகூடத் தவறவிட்டதில்லை என்று பீற்றிக்கொள்வான். இப்போது அந்தக் கைகள் வாளி இல்லாமல் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"அண்ணி, அண்ணன் வந்துட்டானா?"

"உன்கூடத்தானேடா இருந்தான்!"

"நான் வந்துட்டேன் அண்ணி. விட்டுட்டு வந்துட்டேன்." அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "வெறும் இரும்பத்தான் தட்டினோம். மறுநாள் போனா, தட்டின எடத்துக்கு மேல ஒரு மாடி நிக்குது. கிரேன் அசையல. கீழேருந்து ஒரு கம்பி ஏறல. எங்கேருந்து வருது அந்த இரும்பு?"

"கார்வின்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னோம். இரும்புக் காசு மிச்சம்னு கைதட்டிச் சிரிச்சான் அந்த ஆளு. அப்புறம் நாங்க நிறுத்திப் பாத்தோம் அண்ணி. நிறுத்தினா மேலேருந்து சத்தம் கேக்குது. எங்களுக்கு மேல யாரு இருக்கா? எங்களுக்கு மேல யாருமே இல்லையே." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "மரத்தக் கட்டியிருக்கணும். அன்னிக்கே கட்டியிருக்கணும். முடிஞ்சுதுன்னு அதுக்கு யாரு சொன்னா? அந்த மரம் எங்க அண்ணி?"

போர்கில்ட் அடுப்பைப் பார்த்தாள். அந்த மரத்தின் சாம்பலைக்கூட எப்போதோ கொல்லையில் கொட்டியாகிவிட்டது. அவள் நெஞ்சில் எழுந்த பயம் அந்தக் கணத்தில் வேறு மாதிரி ஆனது. அதுவரை கணவனுக்காகப் பயந்தவள், இப்போது தானே அவனை அங்கே அனுப்பிவைத்ததுபோல உணர்ந்தாள்.

கோடாலியையும் துணிக்கொடிக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு பின்பக்கத்துக் காலி மனைக்குப் போனாள். இடுப்புயர ஊசியிலை மரம் ஒன்றை வெட்டினாள். "வேணாம் அண்ணி, ஏறலாம், எறங்கத்தான் முடியாது" என்று அக்செல் வாசல் வரைக்கும் வந்தான். அதற்கு மேல் அவன் கால் நகரவில்லை. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் அவள் மேட்டிலிருந்து இறங்கி நடந்தாள்.

கட்டடத்து வாசலில் இருந்த வாட்ச்மேன் டூலன் மரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "மேல யாரும் இல்லம்மா. எல்லாருக்கும் கணக்கு முடிச்சு அனுப்பியாச்சு."

"பின்ன அந்தச் சத்தம்?"

"அது எதிர்த்த கட்டடத்துது" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். எதிர்த்த கட்டடத்து ஆட்கள் தெருவில் கும்பலாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கையிலும் சம்மட்டி இல்லை. டூலன் சாமான் ஏற்றும் லிப்ட்டின் கம்பிக் கதவைத் திறந்துவிட்டான்.

லிப்ட் போகிற வரை போய் நின்றது. அதற்கு மேல் ஏணி. மரத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினாள். ஈர இரும்பு, சுவரில்லாத தளங்கள், பலகைகூடப் போடாத உத்தரங்களுக்கிடையே நுழைந்து வெளியேறும் மூடுபனி, விரல் வழியாக எலும்பைத் தொடும் குளிர். ஒரு ஏணி முடிந்தால் இன்னொன்று. பின்பு இன்னொன்று. கப்பல்களின் ஊதல் கீழே போய்க் கரைந்தது. மூச்சு போதவில்லை. ஏறினாள். பனி மெலிந்தது. வெளுத்தது.

வெளியே வந்துவிட்டாள்.

வெயில். நீல வானம். கீழே எல்லாப் பக்கமும் வெள்ளைப் பனி. ஊர் இல்லை. கடல் இல்லை. தூரத்து மலைகளின் உச்சிகூடத் தன் காலடிக்குக் கீழே இருப்பதை அவள் பார்த்தாள்.

ஹால்வோர் உத்தரத்தில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். சட்டை அவன்மேல் காலிச் சாக்குப்போல் தொங்கியது. மற்ற இருவரும் அப்படித்தான். உலை எரிந்தது. அதில் போடக் கரி எங்கும் இல்லை.

"ஹால்வோர்."

திரும்பவில்லை.

அவள் பக்கத்தில் நின்ற தூணைப் பிடித்தாள். அதன் நுனிக்கு ஏறினாள். விரல் மரத்துப்போயிருந்தது. பல்லால் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். மரம் நிமிர்ந்து நின்றது. பச்சை. அந்த உயரத்தில் அது ஒன்றுதான் பச்சை.

சம்மட்டி நின்றது.

ஹால்வோர் மரத்தையே பார்த்தான். அவன் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது. "போர்கில்ட்? நீ எப்படி இங்க?" எழுந்து நின்றான். அவளை நோக்கி ஒரு அடி வைத்தான். கையை நீட்டினான். அவள் அழுதுவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

மேலே ஒரு தட்டல்.

அப்புறம் இன்னொன்று.

அவன் கை இறங்கியது. முகம் மறுபடி வெளுத்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். அவள் மரம் கட்டிய தூணின் மேல் இன்னொரு தூண் நின்றது. இப்போது முளைத்ததில்லை, துருப்பிடித்த பழைய தூண். அதன் நுனியில் ஒரு மரம் கட்டியிருந்தது. ஊசிகள் எல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக. அதற்கு மேல் இன்னொரு தூண். இன்னொரு மரம். கண் எட்டுகிற வரை மரங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக.

"பிடி" என்றான் ஹால்வோர், தலை நிமிராமல். உலைப் பக்கம் இருந்தவன் பழுத்த ரிவெட்டை இடுக்கியில் எடுத்தான்.

அவளுக்கு மேல் தளத்தில் ஒருவன் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். ஹால்வோரின் தொப்பி. ஹால்வோரின் முதுகு. அவன் பக்கத்தில் ஒரு பெண் இரண்டு கையாலும் போர்கில்டின் அதே ஏப்ரனை விரித்துப் பிடித்து நின்றாள். ரிவெட் விழுந்து சுட்டுச் சுட்டு அந்த ஏப்ரனில் துணியே மிச்சமில்லை. எலும்பு தெரிந்த விரல்கள் மட்டும், இல்லாத துணியின் முனைகளை விடாமல் பிடித்திருந்தன.