சென்னியப்பன் கழுத்தில் மதிவளையம்

துளசிமணியின் செவலைப் பசு காலையிலிருந்து சுவரையே வெறித்துக்கொண்டு நின்றது. அதன் கழுத்தில் மூளையைக் கண்காணிக்கும் மதிவளையம் பச்சையிலிருந்து மஞ்சளானது. மாடுகளின் மூளையைத் தாக்கும் வைரஸ் காய்ச்சல் பரவியதிலிருந்து எல்லா மாட்டுக்கும் அதுதான் காவல். ஒரே இடத்தை வெறித்தாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாவிட்டாலும், தீவனத்தை ஒதுக்கினாலும் காட்டிக்கொடுத்துவிடும். சிவந்துவிட்டால் தெருவிலுள்ள அத்தனை மாடும் அடைப்பு, அத்தனை பாலும் சாக்கடைக்கு. பிறகு அந்த வீட்டைப் பற்றித் தெரு என்ன பேசும் என்று சொல்லவா வேண்டும்?

"கழட்டி என்ற கழுத்துல மாட்டு," என்றார் அவள் கணவர் சென்னியப்பன். "எனக்கா மூளைக்காய்ச்சல் வரப்போவுது?"

மாட்டிக்கொண்டு வழக்கம்போல் மோட்டார் பெட்டி முன் உட்கார்ந்தார். மும்முனை கரண்ட் வருமா என்று விளக்கையே பார்த்தார். துளசிமணி கூப்பிட்டாள், கல்யாணமான நாளிலிருந்து அவர் முதல் குரலுக்குத் திரும்பியதில்லை. உப்புமாவையும் தொடவில்லை. மத்தியானத்துக்குள் வளையம் செக்கச் சிவந்து ஊளையிட்டது.

கால்நடை மருத்துவர் மரகதவல்லி ஓடிவந்தார். பசுவுக்கு ஒன்றுமில்லை, சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ கடலைப் புண்ணாக்கு ஊறவைத்திருந்தார்கள்.

"அப்ப இதைக் கழட்டுங்க, டாக்டரம்மா," என்றார் சென்னியப்பன்.

"சிவந்தா பூட்டிக்குமுங்க. பச்சையானாத்தான் திறக்கும். அது ரெண்டு காலா நாலு காலான்னு எண்ணாது, மூளையைத்தான் பாக்கும்."

வளையம் சிவந்ததால் பால் சாக்கடைக்குப் போன ஆத்திரத்தில் தெருவே முறைவைத்துச் சென்னியப்பனைக் கூப்பிட்டது. கூப்பிட்டபோதெல்லாம் திரும்பினார். உப்புமாவை வழித்துத் தின்றார். ஒருவழியாகப் பச்சை விழுந்தது. திறக்கப்போன மருத்துவரின் கையைத் துளசிமணி பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுங்க. இப்பத்தான் மனுசன் கூப்பிட்டாத் திரும்பறாரு."

"எங்கூட்டுக்காரருக்கும் ஒண்ணு குடுங்க," என்றார்கள் பின்னால் நின்ற பெண்கள்.

"தாராளமா. ஆனா ஒரு கட்டுத்தரையில, அதாவது ஒரு வீட்டுல, ஒண்ணுக்குப் போட்டா எல்லாத்துக்கும் போடணுமுங்க. சட்டம்."

"போடுங்க," என்று எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள்.

கடைசிக் கொக்கி விழுந்த நேரம், எதிர்வீட்டில் கார் வந்து நின்றது. போன மாதம் புகுந்தவீடு போன பெண் பெட்டியோடு தனியாக இறங்கினாள். உள்ளே அழுகைச் சத்தம். துளசிமணி அந்த வாசலையே பார்த்தபடி நகரவில்லை. சென்னியப்பன் கூப்பிட்டார், காதில் விழவில்லை. அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்தது. எந்தப் பெண்ணும் சாப்பிடப் போகவில்லை. பொழுது சாய்வதற்குள் வரிசையாக வளையங்கள் சிவந்து ஊளையிட்டன.

கொள்ளைநோய் என்று அறிவித்து, மரகதவல்லி சட்டப்படி தெருவை அடைத்தார். பால் மறுபடி சாக்கடைக்குப் போனது. பிறகு துளசிமணியின் அருகில் வந்து நின்று எதிர்வீட்டையே பார்த்தார்.

"ஏனுங்க," என்றார் மெதுவாக, "அந்தப் புள்ள எதுக்கு வந்திருக்குது?"