ரொட்டிக்கு மிச்சமிருந்த ஊசி

திங்கட்கிழமை, காலை 5.40.

தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசைக்கு முன்னால் ஓடும் மழைநீர்க் கானுக்குள் ரொட்டி கிடந்தது. நான்கு கால்களும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயிலிருந்து வழிந்த நுரை மழைத்தண்ணீரோடு கோடாகப் போய்க்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி, கொய்யா மரத்தடியில், பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் கருப்பம்மாவின் சிவப்புக் கோழி சிறகை விரித்தபடி செத்துக் கிடந்தது.

முதலில் பார்த்தவள் மேனுஷா. பதினாறு வயது. ரொட்டி அவள் நாய். நாய்க்குச் சாப்பாடு போட்டது, பெயர் வைத்தது, ஏச்சு வாங்கியது எல்லாம் அவள்தான்.

"அப்பா! ரொட்டி சாவுது!"

தம்பையா சாரத்தை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார். நாயைப் பார்த்த மறுநொடி பக்கத்து வாசலைப் பார்த்துக் கத்தினார். "வச்சிட்டா பாரு! சொன்ன மாதிரியே வச்சிட்டா!"

கருப்பம்மா சொன்னது உண்மைதான். மூன்று நாளைக்கு முன் ரொட்டி இரண்டு முட்டையைத் தின்றுவிட்டது. "இன்னொரு தடவ கூட்டுக்கிட்ட வந்திச்சின்னா கறியில வெசத்த வச்சிருவேன்" என்று அவள் லயம் முழுக்கக் கேட்கக் கத்தியிருந்தாள்.

இப்போது அவள் செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"வெசம் வச்சவ எங்கோழிக்குமா வைப்பேன்? எனக்கென்ன பைத்தியமா? நீதான்யா பழி தீத்துட்ட!"

"நாக்க அடக்கிப் பேசு!"

"நீ ஒன் நாய அடக்கு மொதல்ல!"

மேனுஷாவுக்கு இருவரையும் கானுக்குள் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது. நாய் செத்துக்கொண்டிருக்கிறது, இவர்கள் வழக்குப் பேசுகிறார்கள்.

காலை 6.05.

மிருக டொக்டரைத் தேடி அவள் தடுமாறவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ரொட்டியின் காதெல்லாம் உண்ணி அப்பியபோதே மூன்று இடங்களுக்கு போனில் கோல் எடுத்து ஒரே மூன்று கேள்வியைக் கேட்டுக் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். பார்க்க எவ்வளவு? திரும்ப வந்தால் எவ்வளவு? போனில் கேட்டால் சொல்வீர்களா?

அரசாங்க டொக்டர் காசு எடுப்பதில்லை. ஆனால் பாதி நாள் அவர் மாடு பார்க்கத் தோட்டம் தோட்டமாகப் போய்விடுவார். பெரிய கிளினிக் ஒன்றில், "கொண்டு வாங்க, பாத்துட்டு சொல்றோம்" என்று விலையே சொல்லவில்லை. மூன்றாவது, பதுளையில் கடைக்கு மேலே ஒற்றை அறையில் பார்க்கும் டொக்டர் ஹம்ஸியா. "பாக்க ஆயிரத்தி ஐநூறு. ஒரு கெழமைக்குள்ள அதே வருத்தத்துக்குத் திரும்ப வந்தா காசில்ல. போன்ல கேக்குறதுக்கு எதுக்கு மகள் காசு?" அந்தப் பெயருக்குக் கீழே மேனுஷா இரண்டு கோடு போட்டிருந்தாள்.

ஆட்டோக்காரன் தயாபரன் தலையைச் சொறிந்தான். "போய் வர மூவாயிரத்தி ஐநூறு தங்கச்சி. டொக்டர விட நான் கூடன்னு தெரியும். பெட்ரோல் வெலைக்கு நான் என்ன செய்ய?"

குவைத்திலிருந்து அம்மா வகுப்புக் காசுக்காக அனுப்பியதை அவள் எண்ணாமலே எடுத்துக்கொண்டாள்.

காலை 9.20, பதுளை.

டொக்டர் ஹம்ஸியா ரொட்டியின் கண்ணில் டோர்ச் அடித்தார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

"பூச்சிமருந்து. பயிருக்கு அடிக்கிற வகை." ஊசி ஏறியது. "நேத்து என்ன தின்னுச்சு?"

"சோறு. கருவாட்டுத் தல."

"கறி?"

"இல்ல டொக்டர்."

வழியில் ரொட்டி வாந்தி எடுத்த துணியை டொக்டர் விரித்துப் பார்த்தார். சோறு. கருவாட்டுத் தலை. வேறொன்றும் இல்லை. சேறு காய்ந்த மயிரை ஒதுக்கித் தோலைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார்.

"என்ன இது நாத்தம்?"

"வேப்பெண்ணெய். ரெண்டு மாசமா ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் தடவுறேன். நேத்து எனக்கு கிளாஸ், அப்பா தடவினாங்க."

"நான் போன்ல சொன்ன உண்ணி மருந்து வாங்கலியா?"

மேனுஷா தலையைக் குனிந்தாள். "மருந்துக்கடையில நாலாயிரத்தி இருநூறு சொன்னாங்க."

"ம். தோல் சுத்தமாத்தான் இருக்கு, ஒண்ணையும் காணல." அப்போது கன்றுக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் படியேறி வந்தார்கள். டொக்டரின் கவனம் அங்கே போனது.

பகல் ஒரு மணிக்கு ரொட்டி எழுந்து நின்று வாலை ஆட்டியது. டொக்டர் மருந்து நிரப்பிய சிறு ஊசி ஒன்றை மேனுஷாவின் கையில் வைத்தார்.

"திரும்ப ஆட்டோவுக்குக் கொட்ட வேணாம். எச்சில் வழிஞ்சா எனக்கு கோல் எடுங்க, நான் சொன்ன பொறகு தோலுக்குக் கீழ குத்துங்க. ஒண்ணுதான் தரலாம். நாயப் பூட்டி வைங்க. கொதிச்ச தண்ணியத் தவிர எதுவும் வாயில படக்கூடாது."

பிற்பகல் 3.30.

சமையல் குசினியை மேனுஷா கழுவித் துடைத்தாள். ஒரே கதவு. ஜன்னலில் ஆணி அடித்த கம்பிவலை. ரொட்டியை உள்ளே விட்டு, தானே கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை வைத்து, வெளியில் பூட்டுப் போட்டாள். சாவியைக் கழுத்துக் கயிற்றில் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே குந்தினாள். யாரும் வரவில்லை.

கொய்யா மரத்தடி வெறிச்சோடிக் கிடந்தது. மற்ற நாளில் இந்த நேரத்துக்கு ரொட்டி அங்கே வெயில் காயும். சிவப்புக் கோழி அதன் முதுகில் ஏறி நின்று உண்ணி கொத்தும். நாயும் கோழியும் சிநேகமாகத்தான் இருந்தன. சொந்தக்காரர்களுக்குத்தான் ஆகாது.

மாலை 6.10.

உள்ளே ஏதோ சரிந்து விழும் சத்தம் கேட்டது. மேனுஷா பூட்டைத் திறந்தாள்.

ரொட்டி சரிந்து கிடந்தது. வாயிலிருந்து எச்சில். பின்னங்கால்கள் துடித்தன.

அவள் போட்ட சத்தத்தில் லயமே கூடிவிட்டது. வேலை முடிந்து அப்போதுதான் வந்த தம்பையா உள்ளே எட்டிப் பார்த்தார்; நேரே கருப்பம்மாவின் வாசல் இஸ்தோப்புக்குப் போனார்.

"ஜன்னலால போட்டிருக்கா! வெளிய வாடி! இன்னைக்கு பொலிசுக்குப் போறதுதான்!"

"போய்யா! பொலிசுக்கு வழி தெரியாட்டி நான் காட்டுறேன்!"

மேனுஷா டொக்டருக்கு கோல் எடுத்தாள்.

"மூச்சு எப்படி?" என்றார் ஹம்ஸியா.

"சீரா இருக்கு. டொக்டர், ஊசியப் போடவா?"

"பொறுங்க. அறையில என்ன இருந்திச்சு?"

"தண்ணி. நான் கொதிக்க வச்சது."

"யார் வந்தது?"

"ஒருத்தரும் இல்ல. நான் வாசல்லயே இருந்தேன்."

"கேளுங்க மகள். காலையில போட்ட ஊசி விஷத்த எடுக்காது, அதோட வேலையத் தடுக்கும், அவ்வளவுதான். இப்ப இதையும் போட்டா எழும்பும். ஆனா விஷம் இன்னும் உள்ள போய்க்கிட்டே இருந்தா ராவைக்கு மறுபடி விழும். அப்ப கையில ஊசி இல்ல. எங்க இருந்து வருதுன்னு பாருங்க. அஞ்சு நிமிஷம். கோல கட் பண்ணாதீங்க."

ஐந்து நிமிடம். மேனுஷா தரையைத் தடவினாள். வலையில் கிழிசல் இல்லை. தண்ணீர் பாதி அப்படியே இருந்தது. வெளியே அப்பாவின் கத்தல் மண்டைக்குள் குத்தியது. படிப்பில் எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறாள், இந்த ஒன்று மட்டும் பிடி கொடுக்கவில்லை. அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. பூட்டிய அறைக்குள் ஒன்றும் போகவில்லை, ஒன்றும் வரவில்லை. இருந்தது ரொட்டி மட்டும்.

ரொட்டி மட்டும்.

அவள் மண்டியிட்டு நாயின் தலையை மடியில் வைத்தாள். பழக்கத்தில் விரல் காதுக்குப் பின்னால் போனது. தினமும் அங்கே பத்துப் பன்னிரண்டு உண்ணியாவது கையில் தட்டும். இன்று ஒன்றுமில்லை. கழுத்திலும் இல்லை. கால் விரலிடுக்கிலும் இல்லை.

ரெண்டு மாசம் தடவியும் போகாத உண்ணி.

ரொட்டி தின்னாத கறி. தவிடும் உண்ணியும் கொத்தும் கோழி. இரண்டும் ஒரே காலையில்.

அவள் எழுந்தாள். இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தது. இத்தனை பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு வெளியே வந்தாள்.

"கருப்பம்மா பெரியம்மா வெசம் வைக்கல."

கூட்டம் திரும்பியது.

"அப்பா. நேத்து வேப்பெண்ணெயில என்ன கலந்தீங்க?"

தம்பையாவின் தூக்கிய கை அப்படியே நின்றது. "என்ன கலந்தேன்? வேப்பெண்ணெய்தான்."

"வேப்பெண்ணெய்க்கு ரெண்டு மாசமா அசையாத உண்ணி, நீங்க ஒரு தடவ தடவினதும் எல்லாம் எப்படி உதுந்துச்சு?"

"அது நல்லா அழுத்தித் தேச்சேன்…"

"செவப்புக் கோழி கறி தின்னுமா? அது ரொட்டி மேல இருந்த உண்ணியத்தான் கொத்தும். ரொட்டிக்கும் கோழிக்கும் பொதுவா இருந்தது அது ஒண்ணுதான். வெசம் வயித்துல இல்ல, தோல்ல இருக்கு. நான் பூட்டி வச்சது ரொட்டிய மட்டும் இல்ல, வெசத்தையும் சேத்துத்தான். நேத்து நீங்க போஞ்சித் தோட்டத்துக்குக் கைக்காசுக்கு மருந்தடிக்கப் போனீங்க. சொல்லுங்கப்பா. அஞ்சு நிமிசம்தான் இருக்கு."

தம்பையா இஸ்தோப்புக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"ரெண்டு மூடி," என்றார். "சின்னப் போத்தல்ல கொண்டாந்தேன். போஞ்சியில பூச்சி ஒரே நாள்ல உதிருது. உண்ணியும் பூச்சிதானேன்னு… நாலாயிரத்தி இருநூறு மேனுஷா. என் மூணு நாள் சம்பளம், ஒரு குளிசைக்கு."

"அத காலையிலயே சொல்லியிருக்கலாமில்ல!"

"தோல்ல தடவினது உள்ள போகும்னு எனக்கெப்படித் தெரியும்? நாங்க கையாலதானே கலக்குறோம்!"

"கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல!" அவள் குரல் கீச்சிட்டது. "ரெண்டாயிரத்துக்கு வேற மருந்து இருக்குன்னு மருந்துக்கடையில சொன்னாங்க. அதச் சொல்ல வந்தப்ப, நாய்ப் பேச்ச எடுக்காதன்னு எழும்பிப் போனது யாரு? இப்ப ஆட்டோக்கும் டொக்டருக்குமா அஞ்சாயிரம் போச்சு, நாயும் போகப் போகுது!"

"மகள்!" போனுக்குள்ளிருந்து ஹம்ஸியா அதட்டினார். "சண்டைய பொறகு போடுங்க. எனக்கே அது காலையில பட்டிருக்கணும், வேப்பெண்ணெய் நாத்தத்துல விட்டுட்டேன். இப்ப கழுத்துக்குப் பின்னால தோலைத் தூக்கிக் குத்துங்க. பொறகு சட்டி கழுவுற சவுக்காரத்தால நாய மூணு தடவ கழுவுங்க. கையில பிளாஸ்டிக் பை கட்டிக்கிட்டு. சூடில்லாத தண்ணி."

மேனுஷா தோலைத் தூக்கினாள். கண்ணை மூடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினாள்.

கருப்பம்மா உள்ளே போய் இரண்டு வாளியோடு வந்தாள். "நவுரு புள்ள. பின்னங்கால நான் புடிக்கிறேன். எங்கோழியக் கொன்ன நாயக் குளிப்பாட்டணும்னு என் தலையில எழுதியிருக்கு."

"கோழியக் கொன்னது நாய் இல்ல பெரியம்மா."

"தெரியுது, தெரியுது. கொன்னவரு அங்கிட்டு குந்தியிருக்காரு."

மாலை 7.25.

மூன்றாவது தண்ணீர் தெளிவாக ஓடியது. ரொட்டி தலையைத் தூக்கியது. உடம்பை ஒரு உதறு உதறிக் கருப்பம்மாவின் முகமெல்லாம் தெளித்தது. அவள் ஏசிய ஏச்சுக்குக் கூட்டத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு கிளம்பியது.

"எழும்பிட்டுது டொக்டர்!"

"நல்லம். ராவைக்குப் பாத்துக்கிட்டே இருங்க. கிட்டத்தட்ட பொழைச்ச மாதிரிதான்." ஹம்ஸியா போனை வைக்கவில்லை. "மகள், அப்பா வெறுங்கையாலயா அதக் கலக்குறாரு?"

"ஆமா டொக்டர்."

"எத்தன காலமா?"

"ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம."

"அவருக்கு வாந்தி, தலச்சுத்து, கண் மங்கல் ஏதும்?"

"எனக்கொண்ணும் இல்ல," என்றார் தம்பையா.

நாயைத் துவட்டிக்கொண்டிருந்த கருப்பம்மா நிமிரவே இல்லை. "பொய் சொல்லாதய்யா. நேத்து பின்னேரம் புள்ள கிளாசுக்குப் போயிருந்தப்ப ஓங்கரிச்சு ஓங்கரிச்சு சத்தி எடுத்தது செவுத்துக்கு அங்கிட்டு எனக்குக் கேக்கலியா? போன ஞாயித்துக்கெழமையும் எடுத்த. குடின்னு நெனச்சேன்."

"அப்பா குடிக்க மாட்டாங்க பெரியம்மா," என்றாள் மேனுஷா மெதுவாக.

தம்பையா தன் உள்ளங்கைகளைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். நாய்க்காக மூன்று டொக்டர்களிடம் விலை கேட்டவளுக்கு, இந்த இரண்டு வருடத்தில் இந்தக் கைகளைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றியதில்லை.

அவள் சவுக்காரக் கட்டியை அப்பாவிடம் நீட்டினாள். அவர் கழுவி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு தயாபரனுக்கு கோல் எடுத்தாள்.

"அண்ணே, காலையில பதுளைக்குப் போகணும்."

"என்ன தங்கச்சி, ரொட்டிக்கு திரும்பவுமா?"

"இல்லண்ணே. பெரியாஸ்பத்திரிக்கு. அப்பாவுக்கு."

"அதுக்கும் மூவாயிரத்தி ஐநூறா?" என்று தம்பையா பின்னாலிருந்து கேட்டார். "எதுக்கு வீணா? பஸ்சுலயே போவலாம்."

"நீங்க பேசாதீங்க," என்றாள் மேனுஷா.