பச்சைக் கல் எது?

கடுகால் ஒரு இடத்தில் சும்மா உட்கார முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து நிறுத்தினால் விரல் மேசையில் தாளம் போடும். விரலையும் மடக்கி வைத்தால் வாய் ஆரம்பித்துவிடும். வாய் ஆரம்பித்தால் பேச்சு வீடியோ கேமில்தான் போய் நிற்கும்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் வகுப்பிலேயே அவள்தான் குள்ளம், அவள் பேச்சுதான் காரம். அதனால் யாரோ 'கடுகு' என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது.

எங்கேயாவது ஒரு புது விளையாட்டு வரப்போகிறது என்று அறிவித்தால் போதும். மறுநாள் இடைவேளையில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டம் கூடிவிடும். நடுவில் கடுகு நின்று தீர்ப்புச் சொல்வாள். குதிரைப் பந்தய விளையாட்டா? குதிரை எங்கே ஓடுகிறது, வழுக்கிக்கொண்டல்லவா போகிறது? பத்துக்கு மூன்று. விண்வெளிப் போரின் ஐந்தாம் பாகமா? நாலாம் பாகத்துக்குப் புதுத் தொப்பி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். தொப்பிக்கு மட்டும் அரை மதிப்பெண்.

இதையெல்லாம் நீ விளையாடிப் பார்த்தாயா என்று யாராவது கேட்டால், முன்னோட்டம் பார்த்தாலே போதும், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பாள். ஒரு தடவை மதிப்பெண் போட்டுவிட்டால் மாற்றவும் மாட்டாள். சொன்னால் சொன்னதுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படிப்பட்ட கடுகு, 'இரட்டைத் தீவு' என்ற விளையாட்டின் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டுப் பத்துக்குப் பத்து போட்டாள். அதுவரை யாரும் வாங்காத மதிப்பெண் அது.

விளையாட்டு இதுதான். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும். நடுவில் நெருப்புக் குளம். குளம் முழுக்கக் கற்கள். பச்சைக் கல்லில் கால் வைத்தால் தப்பிக்கலாம். சிவப்புக் கல்லில் வைத்தால் கல் உடைந்து உள்ளே போய்விடும். ஒருவர் விழுந்தாலும் இரண்டு பேரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முழு விளையாட்டு வெளிவர இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதற்கு முன்னால் ஆடிப் பார்க்க ஒரு சிறிய மாதிரி மட்டும் வந்தது. கடுகு கம்ப்யூட்டர் டீச்சரை விடாமல் நச்சரித்தாள். தொல்லை தாங்காமல் அவரும் வகுப்பறையின் பெரிய திரையில் அதைப் போட்டுக் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். விளையாட்டைச் செய்தவர்கள், ஆடிப் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். வகுப்பு முழுக்கச் சேர்ந்து அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கருத்தை எழுதி அனுப்ப வேண்டும். யார் சொல்லப் போகிறீர்கள் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கடுகு எழுந்து நின்றிருந்தாள்.

அவளுடைய ஜோடி கொக்கு. கழுத்து நீளம், கால் நீளம், பேச்சு மட்டும் குட்டை. கடுகின் வீட்டுக்கு மேல் மாடியில் இருப்பவன். பாலர் வகுப்பிலிருந்தே அவள் பேசுவாள், அவன் கேட்பான். இருவருக்கும் அது ஒத்துப்போயிருந்தது.

அன்றைக்கு மட்டும் ஒத்துப்போகவில்லை. கொக்கு மூன்றாவது கல்லில் விழுந்தான். மறுபடி ஆரம்பித்தார்கள். இரண்டாவது கல்லிலேயே விழுந்தான். பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கடுகின் கால் மேசைக்கு அடியில் படபடவென்று ஆடியது.

"பச்சைக் கல்லுல வைடா."

"வெச்சேனே."

"அது பச்சையா?"

"அப்படித்தான் நெனச்சேன்" என்றான் கொக்கு மெதுவாக.

மறுபடி விழுந்தான். அடுத்து வந்த சூறாவளியின் ஜோடி முதல் முறையிலேயே அக்கரைக்குப் போய்விட்டது. சூறாவளி என்பவன் வகுப்பில் எல்லாவற்றிலும் முதலில் ஓடி முடிப்பவன். அவன் கையைத் தூக்கிக் காட்டியதும் கடுகுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"இந்த கேம்ல ஒரு குறையும் இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இதுல விழறவங்களுக்குக் கண்ணு முதுகுல இருக்குன்னு அர்த்தம்."

வகுப்பே சிரித்தது. கொக்கும் சிரித்தான். பிறகு மணி அடிக்கும்வரை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலைக்குள் 'முதுகுக் கண்ணன்' என்று அவனுக்குப் புதுப்பெயர் வந்துவிட்டது. கொக்கு வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனான். கடுகு மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டியபோது, வீட்டுப்பாடம் இருக்கிறது என்றான். மறுபடி தட்டியபோது, எனக்கு வீடியோ கேமே பிடிக்காது என்றான். கதவை மெதுவாகத்தான் சாத்தினான். அவன் கோபமாக அறைந்து சாத்தியிருந்தால்கூட அவளுக்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது.

மறுநாள் விடுமுறை. கடுகு அம்மாவோடு கடைக்குப் போனாள். அம்மாவுக்கு பெயிண்ட் கடையில் வேலை. கேட்ட நிறத்தைக் கலந்து கொடுப்பவர் அவர்தான். டப்பாவில் சொட்டுச் சொட்டாக நிறத்தை விட்டு மூடி, குலுக்கும் இயந்திரத்தில் இறுக்கி வைத்துப் பொத்தானை அழுத்தினால் கடகடவென்று கடையே ஆடும். இந்த உலகத்தில் தன்னைவிட அமைதியில்லாத பொருள் அது ஒன்றுதான் என்று கடுகுக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

அன்று கொக்கின் சித்தப்பா வந்தார். அவர் வீடுகளுக்கு பெயிண்ட் அடிப்பவர். டப்பா தூக்க உதவிக்குக் கொக்கையும் அழைத்து வந்திருந்தார். அவன் கடுகைப் பார்த்தான். பார்க்காத மாதிரி நின்றுகொண்டான்.

வாசல் கேட்டுக்குப் பச்சை, சுவருக்குச் செங்கல் நிறம். இரண்டு டப்பாவும் ஒரே அளவு. உள்ளே என்ன நிறம் என்று தெரிய அம்மா ஒவ்வொரு மூடியிலும் ஒரு பொட்டு பெயிண்ட் தொட்டு வைத்திருந்தார். சித்தப்பா வெளியே வண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"பச்சையை முதல்ல எடுத்துட்டுப் போப்பா" என்றார் அம்மா.

கொக்கு இரண்டு மூடிகளையும் பார்த்தான். கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தான். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தான். பிறகு செங்கல் நிற டப்பாவைத் தூக்கினான்.

அது இல்லை, பச்சை என்றார் அம்மா. அவன் சட்டென்று மாற்றி எடுத்துக்கொண்டு, "கவனிக்கல ஆன்ட்டி" என்றான்.

கடுகு பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கவனிக்காமல் இல்லை. வேறு யாரும் பார்க்காத அளவுக்கு உற்றுப் பார்த்தான். அப்படிப் பார்த்தும் அவனுக்குத் தெரியவில்லை. அவள் வாய் திறந்தது. வந்த சொல்லை அப்படியே விழுங்கினாள். அது அவளுக்குப் பழக்கமே இல்லாத வேலை.

டப்பாவை வைத்துவிட்டு அவன் திரும்பி வந்ததும், கடையின் பின்பக்கம் நிற அட்டைகள் மாட்டியிருந்த இடத்துக்கு அவனைக் கூட்டிப் போனாள். இரண்டு அட்டைகளை உருவி நீட்டினாள்.

"இது ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

"கிண்டல் பண்றியா?"

"இல்லடா. நிஜமா கேக்கறேன்."

கொக்கு வாசலைப் பார்த்துவிட்டுக் குனிந்து பார்த்தான். "ஒண்ணுதான். இது மட்டும் கொஞ்சம் பழசு."

ஒன்று புல்லின் பச்சை. மற்றது செங்கல் நிறம்.

கடுகு அதைச் சொன்னாள். கொக்கு வெகுநேரம் அட்டைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவன் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. வண்ணப் பென்சிலின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் படித்துத்தான் எடுப்பானாம். தக்காளி பழுத்ததா இல்லையா என்று அழுத்தித்தான் பார்ப்பானாம். சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பான், கீழே எரிந்தால் நடப்பான்.

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும், நான்தான் மக்குன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றான்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புடா" என்றாள்.

வகுப்பில் யாரிடமும் சொல்லாதே என்று கொக்கு கேட்டான். சொல்ல மாட்டேன் என்றாள். உன் அம்மாவிடம் மட்டும் சொல் என்றாள்; அவனும் சொன்னான். கண் டாக்டர் பார்த்துவிட்டு, இது நோய் இல்லை, பிறவியிலேயே சிலருக்குப் பச்சையும் சிவப்பும் கலந்துதான் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

கொக்கு நிம்மதியாகிவிட்டான். கடுகுக்குத்தான் நிம்மதி போயிற்று. வெள்ளிக்கிழமை கருத்துச் சொல்ல வேண்டும். ஒரு குறையும் இல்லை என்றால் அது பொய். நிறம் தெரியாதவர்கள் ஆட முடியாது என்றால், யாருக்குத் தெரியவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். உடனே கொக்கைத் திரும்பிப் பார்ப்பார்கள். சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அப்பா பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்து டிவியில் ஏதோ பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தார். "உட்காரும்மா. என் பஸ்கூட ஒரு நாளைக்கு இத்தனை ட்ரிப் அடிக்காது" என்றார்.

படத்தில் ஒரு கார் போயிற்று. அந்தச் சிவப்புக் கார் என்ன அழகு பார் என்றார் அப்பா. அது சிவப்பு இல்லை, பச்சை என்று சமையலறையிலிருந்து அம்மா திருத்தினார். நாள் பூராவும் நிறம் கலக்கிறவளுக்குத் தெரியாதா என்றும் கேட்டார்.

"கருப்பு வெள்ளைப் படத்துல நிறத்தை எங்கேருந்து கலக்குவ?" என்றார் அப்பா.

கடுகு நின்றாள். அன்றைக்கு அவளுடைய இரண்டு காலும் ஒரே இடத்தில் நின்றது அப்போதுதான்.

முதலில் மாடிக்கு ஓடிக் கொக்கிடம் தன் யோசனையைச் சொன்னாள். உன் பெயர் வராது, சரியா என்று கேட்டாள். அவன் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். பிறகு டீச்சரிடம் திரையின் நிறத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றார் அவர். ஏன் என்று கேட்டதற்குக் கடுகு பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்த அதிசயத்திலேயே டீச்சர் சம்மதித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை திரையில் நெருப்புக் குளம் சாம்பல் குளமாக வந்தது. கற்களும் சாம்பல்.

இதில் யார் தாண்டுவீர்கள் என்றாள் கடுகு. சூறாவளி எழுந்தான். கண்ணை மூடிக்கொண்டே தாண்டுவேன் என்று வந்தவன் முதல் கல்லிலேயே விழுந்தான். மறுபடியும் விழுந்தான். அடுத்தவள் வந்தாள், விழுந்தாள். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றது ஒரு குரல். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருந்தால் எப்படி ஆடுவது என்று சூறாவளி கத்தினான்.

"அதேதான்" என்றாள் கடுகு. "சில பேருக்குப் பச்சையும் சிவப்பும் ஒரே மாதிரி தெரியும். அவங்களும் இந்த கேமை ஆடணும் இல்ல? விழறவங்களுக்குக் கண்ணு முதுகுல இருக்குன்னு சொன்னேன். அது தப்பு. பத்து மார்க்கையும் திரும்ப வாங்கிக்கறேன்."

"சொன்னா சொன்னதுதான்னு சொல்லுவியே?" என்றான் சூறாவளி.

"சொன்னேன். இப்ப மாத்திச் சொல்றேன்."

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இது மாதிரி இருக்காது" என்றான் கொக்கு. எல்லோரும் திரும்பினார்கள். அவன் காது சூடாகியிருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "இவ்வளவு மோசம் இல்ல. நீலம், மஞ்சள் எல்லாம் நல்லாவே தெரியும். பச்சையும் சிவப்பும்தான் குழம்பிடும். எனக்கு அப்படித்தான்."

யாரும் சிரிக்கவில்லை. என் பை என்ன நிறம், என் டப்பா என்ன நிறம் என்று கேள்விகள்தான் குவிந்தன. சூறாவளி மட்டும் வேறு கேட்டான். அப்படியானால் அன்றைக்கு மூன்றாவது கல்வரை எப்படிப் போனாய்?

"உடையற கல்லு முன்னாடியே லேசா ஆடும். அதைப் பார்த்துத்தான் போனேன். ஆனா எல்லாரும் அவசரப்படுத்தினதுல சரியாப் பாக்க முடியல."

கல் ஆடுவதை அங்கே யாரும் பார்த்ததே இல்லை. விளையாடிக் காட்டு என்றார்கள். கொக்கு உட்கார்ந்தான். அந்தச் சாம்பல் குளத்தில் ஒவ்வொரு கல்லாக உற்றுப் பார்த்து, வகுப்பில் யாரும் போகாத தூரம் போய் விழுந்தான். முதலில் கை தட்டியது சூறாவளி.

'முதுகுக் கண்ணன்' என்ற பெயர் அன்றோடு போயிற்று.

பிறகு கருத்தை எழுதினார்கள். கடுகு நடந்துகொண்டே சொல்ல, டீச்சர் தட்டினார். பச்சைக் கல்லில் ஓர் இலை வரையுங்கள், சிவப்புக் கல்லில் ஒரு விரிசல் வரையுங்கள், அப்போதுதான் எல்லோரும் ஆட முடியும். இலை யோசனை கொக்கினுடையது.

பதில் வரவில்லை. வாரங்கள் போயின. விளையாட்டு வெளிவரும் நாளும் தள்ளிப்போயிற்று. யாரும் படித்திருக்கவே மாட்டார்கள் என்று கடுகு தண்ணீர்க் குழாயை ஓங்கித் திருகினாள். படித்திருப்பார்கள் என்றான் கொக்கு. எப்படித் தெரியும் என்றால், தெரியாது என்றான்.

ஒரு நாள் இடைவேளையில் டீச்சர் இருவரையும் கூப்பிட்டார். முழு விளையாட்டு வந்துவிட்டது. ஆட்டம் தொடங்கும் முன் ஒரு கேள்வி திரையில் நின்றது: கற்களில் அடையாளம் வேண்டுமா? நம்மைப் போல் நிறையப் பேர் எழுதியிருப்பார்கள் என்றார் டீச்சர். எழுதியிருக்கட்டும் என்றாள் கடுகு.

கொக்கு 'வேண்டும்' என்பதை அழுத்தினான். பச்சைக் கல்லில் சின்னதாக ஓர் இலை முளைத்தது. சிவப்புக் கல்லில் விரிசல் ஓடியது.

அவன் பாதிக் குளம் தாண்டிவிட்டான். கடுகு அவசரப்பட்டுத் தாவியதில் நேராக நெருப்பில் விழுந்தாள். இருவரும் மறுபடி கரைக்கு வந்தார்கள். சாரிடா என்று அவள் நாக்கைக் கடித்தாள்.

"பரவாயில்ல, வா" என்றான் கொக்கு.

இந்த முறை அவன் முன்னால் போனான். அவன் மிதித்த கல்லையே மிதித்து, கொஞ்சமும் அவசரப்படாமல், கடுகு பின்னால் போனாள்.