எரிக்காத பலகை

கோயில் வாசலில் மண்டியிட்டிருந்த கல் மாட்டின் தலை ஈரமாக இருந்தது. மழை பெய்து பத்து நாளாகிறது. படிப்பு வர வேண்டுமென்று எல்லோரும் தடவித் தடவி வழவழப்பான தலை அது. தோகாஷி கென்சாகு விரல்களை முகர்ந்தார். ஆற்றுச் சேற்றின் வாடை.

நாளை பேத்தி சிஹோவுக்கு நுழைவுத் தேர்வு. தோகாஷி வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் அதில் தோற்றதில்லை. ஊரில் அவர் சொல்லிவருவது அப்படித்தான்.

வேண்டுதலை எழுதி மாட்டும் பிரார்த்தனைப் பலகைகளை விற்கும் மிசாவோ கடையைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன வாத்தியாரே, பேத்தி வரலையா? பரீட்சையையும் நீங்களே எழுதிடுவீங்க போல!"

"பேச்சு வேண்டாம்மா. பலகை ஒண்ணு குடு."

"இந்தாங்க. உள்ள யாருமில்ல, மாட்டிட்டு இருட்டுறதுக்குள்ள கெளம்புங்க."

அவள் காலடி ஓசை சரளைக் கற்களில் தேய்ந்து மறைந்தது. பலகையில் சிஹோவின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு, பிளம் பூக்களின் மணம் கனத்த அந்தி வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான பலகைகள் காற்றில் ஒன்றோடொன்று மோதி முணுமுணுக்கும் சட்டத்தை நோக்கி அவர் தனியாக நடந்தார். காற்று நின்றது. பலகைகள் அடங்கின.

ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மை காயவில்லை. 'அப்பா தலைநிமிர, இந்த முறையாவது நான் தேற வேண்டும். தோகாஷி நவோயா.'

அவர் மூத்த மகன். முப்பது வருடங்களுக்கு முன், மூன்றாம் முறையும் தோற்றவன். ஊர் அந்தப் பெயரைப் படித்துவிடக் கூடாதென்று இதே பலகையை அவர்தான் அவிழ்த்துக்கொண்டு போனார். மாட்டிய பலகையைக் கோயிலில் எரித்தால்தான் வேண்டுதல் சாமியிடம் சேரும். அதற்குக்கூட அவர் கொடுக்கவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டினார். அந்த வாரமே நவோயா ஆற்றில் இறங்கினான்.

பெட்டிச் சாவி இப்போதும் அவர் இடுப்பில்தான் இருந்தது.

பின்னால் சரளை நெரிந்தது. ஒரு அடி. இன்னொன்று. ஈரக் கால்கள்.

திரும்பாமல் வாசலை நோக்கி விரைந்தார். கல் மாட்டின் அருகில் கால் இடறியது. கைகளை ஊன்றி, அதைப் போலவே மண்டியிட்டு விழுந்தார்.

சேற்று வாடை நெருங்கியது.

தலைமேல் ஒரு கை படிந்தது. சில்லென்று. மெதுவாகத் தடவியது. மாட்டைத் தடவுவதுபோல.

"அப்பா... நாளைக்குப் பரீட்சைப்பா."

தலையை நிமிர்த்தப் பார்த்தார். முடியவில்லை. கை தடவிக்கொண்டே இருந்தது. அவர் நெற்றி வழியே நீர் சொட்டியது. கீழே கிடந்த பலகையில் சிஹோவின் பெயர் கரைந்துகொண்டிருந்தது.