பதினோரு சகாயராணிகள்

துறைமுகச் சாலை மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைத் தீவிரப் பிரிவில் பதினோரு நர்சுகள். பதினோரு பேரின் கைகளும் ஒரே மாதிரி அசைந்தன. எல்லோருக்குள்ளும் இருந்தது மூத்த நர்ஸ் சகாயராணியின் முப்பதாண்டு அனுபவம். நினைவுப்பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் படுத்தால் போதும். அவள் கண்ணும் கையும் அப்படியே இறங்கிவிடும். ஆறு மாதம் வகுப்பில் உட்கார்ந்து பயிற்சி எடுத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது.

தவறே செய்யாதவள் என்றுதான் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெருமையில் பாதி, உடன் வேலை பார்த்த தவமணிக்குச் சேர வேண்டியது. யார் கேட்டார்கள் அதை? "யக்கா, எனக்கென்னமோ சரியாப் படல, இன்னொருவாட்டி பாருங்க" என்று எதற்கெடுத்தாலும் வம்புக்கு நிற்பாள் தவமணி. "ஏட்டி, நம்ம கை தப்புமா?" என்று எரிந்து விழுந்துகொண்டே சகாயராணி பார்ப்பாள். நாலில் ஒரு தடவை தவமணி சொன்னது சரியாக இருக்கும்.

போன மாதம் தவமணியும் பட்டை கட்டிக்கொண்டாள்.

இன்று காலை பத்தரை மணி. முத்துப்பேச்சியின் குழந்தை, எடை தொள்ளாயிரம் கிராம். இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போனது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்தூட்டியின் திரையில் 0.2 இருக்க வேண்டிய இடத்தில் 2.0 இருந்தது. பத்து மடங்கு! சகாயராணியே அழுத்திய எண்தான். ஆனால் அவள் கண், தான் எதிர்பார்த்ததைத்தான் படித்தது.

"பாயிண்ட் ரெண்டு. சரி" என்றாள்.

விதிப்படி இரண்டாவது நர்ஸ் வந்து பார்த்தாள். "பாயிண்ட் ரெண்டு. சரி." மூன்றாமவளும் அதையே சொன்னாள். பாழாய்ப்போன கண்கள், எல்லாம் ஒரே கண்கள்!

துடிப்பு இருநூற்று முப்பதைத் தாண்டியது. மருந்தை நிறுத்தவும் பயம், நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முத்துப்பேச்சி தட்டிக்கொண்டே இருந்தாள்.

"எம்பிள்ளைக்கு என்னாச்சு சிஸ்டர்? சொல்லுங்களேன்!"

சகாயராணிக்குத் தெரியவில்லை. தனக்குத் தெரியாதது அந்த அறையில் யாருக்குமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் தவமணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏட்டி தவமணி, எங்கூட சண்டை போடு. நான் பாத்தது தப்புன்னு சொல்லு. உன் கால்ல விழுறேன், சொல்லு!"

தவமணி மருந்தூட்டியின் முன் குனிந்து நிதானமாகப் பார்த்தாள். திரையை விரலால் துடைத்துவிட்டும் பார்த்தாள்.

"பாயிண்ட் ரெண்டு, சரியாத்தான இருக்கு" என்றாள். பிறகு சகாயராணியைப் போலவே எரிந்து விழுந்தாள்.

"யக்கா, நம்ம கை தப்புமா?"