வீட்டுக்காரம்மா

மூன்றாவது முறையாகவும் ஆணி கழன்றிருந்தது. கூடத்துச் சுவரில் கல்பனா தன் கையால் அடித்த ஆணி, கொஞ்சமும் வளையாமல், சுவரோரமாகத் தரையில் படுத்துக் கிடந்தது. ஓட்டையை யாரோ பற்பசையால் அடைத்து, விரலால் வழித்து மட்டம் செய்திருந்தார்கள். பக்கத்தில் போனால் புதினா வாசனை அடித்தது.

அந்த வேலை அவளுக்கு அத்துப்படி. உத்திரமேரூரில் பதினோரு வருடத்தில் ஐந்து வாடகை வீடு. காலி செய்கிற அன்று, வீட்டுக்காரம்மா கண்ணில் படுவதற்குள் ஓட்டைகளை இப்படித்தான் மூடிவிட்டு வருவாள். ஆனால் காவாந்தண்டலத்தில் இருக்கும் இந்தப் பழைய வீடு அவர்களே வாங்கியது. யாரையும் கேட்காமல் ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்று குடிவந்த அன்று முதல் வேலையாகச் சுத்தியலைத் தேடியவள் அவள்.

அப்புறம் விளக்குகள். பகலில் போட்டால் தானாக அணைந்தன. மோட்டார் பத்து நிமிடத்தில் நின்றது. "பழைய வயரிங், அப்டித்தான் இருக்கும். இதுக்குப் போயி பேஜாராவாத," என்றான் கணவன் மோகன்குமார். சரி, அதையாவது நம்பலாம். முந்தாநாள் மகள் இளமதியின் செருப்பு கேட்டுக்கு வெளியே ஜோடியாகக் கிடந்தது. நேற்று அவளுடைய பள்ளிக்கூடப் பை. இன்று சாயங்காலம், அடைமழையில், அந்த ஆறு வயதுப் பிள்ளையின் கவுன்கள் அத்தனையும் மடித்து மூட்டையாகக் கட்டி, அதே இடத்தில் வைக்கப்பட்டிருந்தன.

மூட்டையோடு உள்ளே வந்தபோதுதான் கல்பனாவுக்குப் பால் காய்ச்சிய நாள் நினைவுக்கு வந்தது. விடியற்காலையில் பால் சொம்போடு அவள்தான் முதலில் வந்தாள். பழக்க தோஷம், வாசலில் நின்று உள்ளே குரல் கொடுத்தாள்.

"வூட்டுக்காரம்மா, வரலாங்களா?"

கேட்டுவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சமையலறையிலிருந்து ஒரு பெண்குரல், தூக்கம் கலையாத குரல், திருப்பிக் கேட்டது.

"எத்தினி பேரு?"

பக்கத்து வீட்டுக் கனகா பெருக்க வந்திருப்பாள், கேலி செய்கிறாள் என்று நினைத்தாள். வாய் தானாகப் பதில் சொன்னது. "ரெண்டே பேருதாங்க. நானும் அவரும்." பிள்ளை இருந்தால் சுவரெல்லாம் கிறுக்கும் என்று வீடு தரமாட்டார்கள். இளமதி பிறந்த பிறகு எடுத்த வீடுகளிலெல்லாம் அப்படித்தான் சொல்லி நுழைந்து, பிறகு அவளைக் கூட்டி வருவார்கள். "சரி, வா," என்றது குரல்.

கனகா அன்று ஊரிலேயே இல்லை என்பது நேற்றுதான் தெரிந்தது.

வாடகை வீடென்றால் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டுக் காலி செய்யலாம். நகையை விற்று வாங்கிய வீட்டை யாரிடம் சொல்லிக் காலி செய்வது? முதலில் பிள்ளை வெளியே போக வேண்டும், தன்னோடு. கல்பனா இளமதியின் கையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு ஓடினாள்.

தாழ்ப்பாள் அசையவில்லை. விளக்கு அணைந்தது.

சமையலறையில் சாவிக்கொத்து குலுங்கியது. இடுப்பில் செருகிய சாவிக்கொத்து, நடக்க நடக்கக் குலுங்கும் சத்தம். கூடத்துக்கு வந்தது. நின்றது. ஈரப் புடவை வாடை.

"பொய் சொல்லிட்டேங்க," அழுதாள். "மூணு பேருங்க. கொயந்தைக்கு இன்னாங்க தெரியும்? நாங்க எல்லாருமே போயிடுறோங்க."

சாவி குலுங்கியது. மிக அருகில். இளமதியின் விரல்கள் அவள் கையை நெரித்தன.

தாழ்ப்பாள் தானாக விலகியது. மோகன்குமார், சொட்டச் சொட்ட, உள்ளே வந்தான். அவன் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. விளக்கு வந்தது.

"பாப்பாவத் தூக்குங்க, போயிடலாம்!"

அவன் ரெயின்கோட்டைக் கழற்றியபடி அவளைப் பார்த்தான். "எந்தப் பாப்பா?"

கல்பனா குனிந்தாள். அவள் கை மூடியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"இன்னா கல்பனா, நாம ரெண்டு பேருதான?" என்றான். இரண்டு தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டான்.

வெளியே மழையில் குரல் கேட்டது. "அம்மா, கதவத் தொற."

தாழ்ப்பாளை இழுத்தாள். இரண்டு கையாலும். அசையவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய பிள்ளை. கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"சோறு ஆறுது, வா."

"அம்மா."

கம்பியிலிருந்து அந்தச் சின்ன விரல்களை ஏதோ ஒன்று, அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தது.